குறைமாதக் குழந்தையும் கூலிக்காரக் குடும்பமும்

(ராமநாதபுரம் ஜில்லா கடலோரக் கிராமமொன்றில் விவசாயத் தொழிலாளர்களும் மீன்பிடித் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றால் கூலி, போனஸ், ரேஷன், பட்டா என்றுதான் நாம் பேசுவது வழக்கம். இன்றைக்குக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும், "இது மாதர் சங்கத்தில் பேசவேண்டிய விஷயமாயிற்றே" என்று சில தோழர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இதுவும் கூலிப் பிரச்னைதான். உப்புக் கூடை தூக்கினால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும் என்ற நிலையில் ஏழாம் மாதத்திலும் ஒரு தாய் கூடை தூக்குகிறாள். பிள்ளை முன்கூட்டிப் பிறந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. தகப்பனுக்கு ஒரு மாதக் கூலி போகிறது. வீட்டுக்கு வந்த பிறகு தாய் பக்கத்திலேயே இருந்து பால் கொடுக்கவேண்டும். பக்கத்தில் இருந்தால் அவளுக்குக் கூலி இல்லை. இதில் எந்த இடத்தில் கூலி வரவில்லை, சொல்லுங்கள்!

குறைமாதம் என்பது எது? கடைசியாகத் தூரமான நாளிலிருந்து எண்ணினால் 40 வாரம் நிறை கர்ப்பம். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். பிறக்கும்போது எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் அது எடைக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஏழை வீட்டில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்று அப்பத்தாக்கள் சொல்வார்கள். அது தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம். எட்டாம் மாதப் பிள்ளைக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகமே தவிரக் குறைவில்லை. "எட்டாம் மாசம்தானே, போனது போகட்டும்" என்று கைவிட்ட குழந்தைகளை எண்ணிப் பார்க்கும்போது இந்தப் பழமொழி சாதாரணப் பழமொழியாகத் தெரியவில்லை.

2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. அதில் 30 லட்சம் நம் நாட்டில். எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அதே ஸ்தாபனம் இன்னொன்றும் சொல்லுகிறது. 32 வாரத்திலோ அதற்கு முன்போ பிறக்கும் குழந்தைகளில், ஏழை நாடுகளில் பாதி இறந்துபோகின்றன; பணக்கார நாடுகளில் ஏறக்குறைய எல்லாம் பிழைத்துக்கொள்கின்றன. ஏழை நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்காமல் போவது விலை உயர்ந்த யந்திரம் மட்டும்தானா? இல்லை. சூடு, தாய்ப்பால், நோய் தொற்றாத சுத்தம், மூச்சுத் திணறும்போது கொஞ்சம் உதவி. இவைதான் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். குறைமாதக் குழந்தை பணக்கார வீட்டிலும் பிறக்கிறது. அமெரிக்காவிலேயே 10 குழந்தைகளுக்கு ஒன்று குறைமாதம்தான். பல பிரசவங்களில் காரணம் இன்னதென்று டாக்டர்களாலும் சொல்ல முடிவதில்லை. ஆகவே, "நீ அதைத் தின்றாய், இங்கே போனாய், அதனால்தான் இப்படி" என்று பெற்றவளைக் குத்திக்காட்டும் மாமியார்மார்கள் அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தவேண்டும். தாயைக் குற்றம் சொல்வது வேறு, தாயின் வாழ்க்கை நிலைமையைக் குற்றம் சொல்வது வேறு. நாம் பேசவந்தது இரண்டாவதை.

நம் ஜில்லாவின் நிலைமை என்ன? முதலில் தண்ணீர். வைகை இங்கே வந்து சேருவதற்குள் வற்றிவிடுகிறது. கிணறு தோண்டினால் உவர். தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீர் தேடிப்போகும் காட்சி ராமநாதபுரம் ஜில்லாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் கிராமத்திலும், வராத நாள் என்று ஒன்று இருக்கிறது. அந்த நாளில் உவர்த் தண்ணீரே கஞ்சிக்கும் குடிக்கவும். இதனால் கர்ப்பிணிக்கு என்ன? வங்காள தேசத்தில் குல்னா கடற்கரையில் டாகோப் என்ற பகுதி நம் கடலோரத்தைப் போலவே உவர் ஏறிய நிலம். அங்கே கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். 2011 இல் முடிவு வெளிவந்தது. மழைக்காலத்தைவிட, தண்ணீரில் உப்பு ஏறும் வறண்ட காலத்தில் கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு அதிகமாகக் காணப்பட்டது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றினால் காலும் முகமும் வீங்கும், தலை வலிக்கும், கண் மங்கும், வலிப்பு வரும். தாயைக் காப்பாற்ற டாக்டர்கள் பிள்ளையை முன்கூட்டியே எடுக்கவேண்டி வரும். இதுவும் குறைமாதப் பிரசவம்தான். நம் ஜில்லாவிலும் கிராமம் கிராமமாக, தண்ணீரின் உப்பையும் கர்ப்பிணிகளின் ரத்தக்கொதிப்பையும் சேர்த்துக் கணக்கெடுக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை.

அடுத்தது வெயில். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்கிற வேலை. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. எதிலும் நிழல் இல்லை. நம் முண்டு மிளகாய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாய்க்குப் பெயர் கிடைத்தது சந்தோஷம்தான். அதைக் குனிந்து பறிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன கிடைத்தது? சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் குழந்தை செத்துப் பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்யும் நம் பெண்களைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள்.

இன்னொரு விஷயம். மேடையில் பேசக் கூச்சமாக இருந்தாலும் பேசத்தான் வேண்டும். உப்பளத்தில் ஒதுங்க இடமில்லை. பாசி எடுக்கப் படகேறித் தீவுப் பக்கம் போகும் பாம்பன், ராமேஸ்வரம் பெண்களுக்கும் இல்லை. அவர்கள் மணிக்கணக்காகக் கடல் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுகிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை, சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு வருகிறது. "சூடு பிடித்திருக்கிறது" என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு மறுநாளும் போகிறார்கள். கர்ப்ப காலத்தில் இந்த நீர்த்தொற்று முற்றினால் பிரசவ வலியை முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். வேலைத்தலத்தில் ஒரு கக்கூஸ் கட்டுவதும் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிற வைத்தியம்தான். மில்லில் வேலை செய்யும் தோழியர்களுக்கும் இது பொருந்தும். மெஷினை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறான் என்று அடக்கிக்கொள்ளாதீர்கள்.

இனிச் சாப்பாடு. இங்கேதான் நம் கடலோரத்தின் பெரிய வேடிக்கை இருக்கிறது. வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஃபாரோ தீவுகள் என்று ஒன்று உண்டு. நம்மைப் போலவே மீன்பிடித்து வாழும் ஜனங்கள். அவர்களுடைய குழந்தைகள் எடை கூடிப் பிறப்பதையும், கர்ப்பம் சில நாட்கள் அதிகமாக நிலைப்பதையும் 1980களில் டென்மார்க் விஞ்ஞானிகள் கவனித்தார்கள். மீனிலுள்ள ஒருவகைக் கொழுப்புதான் காரணமாக இருக்கவேண்டும் என்று சந்தேகித்தார்கள். பிறகு பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு அந்தக் கொழுப்பைக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனைகளை எல்லாம் திரட்டி 2018 இல் கணக்குப் பார்த்தபோது, 37 வாரத்துக்கு முந்திய பிரசவம் 100க்கு 13 என்பது 12 ஆகவும், 34 வாரத்துக்கு முந்திய பிரசவம் ஏறக்குறைய 5 என்பது 3 ஆகவும் குறைந்திருந்தது. பெரிய மாயம் இல்லை. ஆனால் 30 லட்சம் பிறக்கும் நாட்டில் இது சின்னக் கணக்கும் இல்லை. அந்தக் கொழுப்பு எந்த மீனில் இருக்கிறது தெரியுமா? வஞ்சிரத்தைத் தேடி ஓடவேண்டாம். சாளையில் இருக்கிறது. சூடையில் இருக்கிறது. விலை மலிந்த, நம் வலையில் விழுகிற மீன்!

அந்த மீன் எங்கே போகிறது? இறால் கம்பெனிக்குப் போகிறது. நல்ல மீன் வெளியூருக்குப் போகிறது. மிச்சத்தைச் "சங்காயம்" என்று ஒதுக்கி, காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறோம். கோழிக்குப் போஷாக்கு, மீன் பிடித்தவன் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ரேஷன் அரிசிச் சோறும் ரசமும்! படகு கரைக்கு வந்ததும் வியாபாரிக்கு வாங்கிய அட்வான்ஸுக்காக முழுப் பாடும் போய்விடுகிறது என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் தோழர்களே, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு கை சாளை ஏலத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போகட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். நிலக்கடலை விளைகிற கிராமத்தில் ஒரு பிடி கடலை. முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது.

சில வீடுகளில், நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று பயந்து கர்ப்பிணியே வயிற்றைக் கட்டுகிறாள். வேறு வீடுகளில் எல்லாரும் தின்ற பிறகு, சட்டியில் மிஞ்சியது அவளுக்கு. இந்த இரண்டு பழக்கத்திலும் நஷ்டம் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு. ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாடு. அங்கே விவசாயிகளுக்கு மழைக்காலம்தான் பஞ்சகாலம். பழைய தானியம் தீர்ந்துபோயிருக்கும், வயலில் வேலையோ கடுமையாக இருக்கும். அந்தக் காலத்தில் பிறக்கும் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. கர்ப்பிணிகளுக்குத் தினமும் நிலக்கடலையில் செய்த பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். பஞ்சகாலத்துக் குழந்தையின் எடை சராசரி 200 கிராம் கூடியது. செத்துப் பிறப்பதும் குறைந்தது. 1997 இல் வெளியான முடிவு இது. நம் கடலை மிட்டாய்க்கு அண்ணன் தம்பி முறையான ஒரு பண்டம் இவ்வளவு செய்திருக்கிறது!

நமக்கும் பஞ்சகாலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு 8,000 என்றால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 131 ரூபாய். அதே மாதங்களில் மானாவாரி விவசாயத்திலும் வேலை இல்லை. கடலுக்குப் போன கணவனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் வைத்தால், அந்த வீட்டுக்கு ஆண்டு முழுவதுமே தடைக்காலம். கர்ப்பிணியாக இருக்கும் அவன் மனைவி கோர்ட்டுச் செய்திக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைவாளா, சாப்பிடுவாளா?

ரத்தசோகையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-21 குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 48 பேருக்கு ரத்தசோகை. சர்க்கார் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறது. "வாந்தி வருகிறது, மலம் கறுக்கிறது" என்று மாடத்தில் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது கெடுதல் இல்லை. ஆனால் மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பசியை அடக்க மூன்று வேளையும் டீ என்பது மில்லிலும் வயலிலும் நமக்குப் பழகிப்போன கொடுமை.

சரி, இவ்வளவையும் மீறி வலி முன்கூட்டியே வந்துவிட்டது. என்ன செய்வது? விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தண்ணீர் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், இடுப்பு வலி விட்டுவிட்டு வந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும் உடனே 108க்குச் சொல்லுங்கள். ஏன் அவசரம்? வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்குத் தாய்க்குப் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது. நியூஸிலாந்தில் லிக்கின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளில் சோதனை செய்துகொண்டிருந்தபோது கண்ட உண்மை அது. அவரும் ஹோவி என்ற டாக்டரும் மனிதர்களில் சோதித்து 1972 இல் வெளியிட்டார்கள். மருந்து மலிவானது. ஆனால் பிரசவத்துக்குச் சில மணி நேரமாவது முன்னால் போட்டால்தான் வேலை செய்யும்; ஒரு நாள் கிடைத்தால் நல்லது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு 55 கிலோமீட்டர்; மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுமார் 170. வீட்டில் வீணாகும் ஒவ்வொரு மணியும் பிள்ளையின் மூச்சிலிருந்து கழிகிறது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அது நமக்குக் கிடைத்த பலம்தான். அங்கே போதிய நர்சுகளும் டாக்டர்களும் எல்லா ஷிஃப்டிலும் இருக்கவேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான்.

2011 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, தாய்க்குச் சாப்பாடு, போகவர வண்டி எல்லாம் இலவசம். நோயுற்ற பச்சைக் குழந்தைக்கும் உண்டு. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

ஆனால் தோழர்களே, ஆஸ்பத்திரியில் பிழைத்த குழந்தை வீட்டில் என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. நாங்கள் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். தகப்பன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தாய் எட்டாம் மாதத்தில் 1,400 கிராம் எடையில் பெண் குழந்தை பெற்றாள். 33 நாள் ஆஸ்பத்திரி. நர்சுகள் கண்ணைப்போல் பார்த்து 1,900 கிராம் ஆக்கி அனுப்பினார்கள். இலவச வைத்தியம்தான், ஆனால் கூட இருந்த அம்மாச்சிக்குச் சாப்பாடு, தகப்பனுக்குப் பஸ் சார்ஜ், இரண்டு பேர் கூலி நஷ்டம் என்று கடன் ஏறியது. வட்டிக்காரன் வாசலில் நின்றான். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் தாய் கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். அம்மாச்சி டப்பாப் பால் வாங்கினாள். டப்பா விலை அதிகம். ஆகையால் மூன்று கரண்டி போடவேண்டிய இடத்தில் ஒரு கரண்டி. தண்ணீரோ தள்ளுவண்டித் தண்ணீர். பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு. மறுபடியும் ஆஸ்பத்திரி. குழந்தை பிழைத்தது, கடன் இரட்டித்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? அம்மாச்சியையா? அவள் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்றுதான் வாங்கினாள்.

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைப்போல் மருந்து கிடையாது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதம் கூடுதலாகவே இருக்கிறது; அந்தப் பிள்ளைக்கு ஏற்ற பால். 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குச் சப்பி விழுங்கத் தெரியாது. "பிள்ளை குடிக்கவில்லை, பால் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாலைச் சுத்தமான கையால் பீச்சி, கொதிக்கவைத்த பாலாடையிலோ சங்கிலோ, நர்சு காட்டியபடி இரண்டு மணிக்கு ஒருதரம் புகட்டுங்கள். பீச்சப் பீச்சத்தான் ஊறும். சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். பால் டப்பாவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992 இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்; காரணமில்லாமல் போடவில்லை.

அந்தப் பாலுக்கு மூலதனம் தாயின் சாப்பாடு. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி அதிகம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய போஷாக்கு ஸ்தாபனம் 2020 இல் நிர்ணயித்தது. 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பால் உடனே நின்றுவிடாது. தாயின் உடம்பு உருகிப் பாலாகும். பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் மட்டும் கொடுத்து, தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். காரல் மீனும் பால்சுறாவும் பெற்றவளுக்குக் கொடுக்கும் நம் பெரியவர்களின் வழக்கம் நல்ல வழக்கம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு தாய்க்கு என்று தருவது. வீட்டிலுள்ள ஆறு பேருக்குக் கொழுக்கட்டை பிடிக்க அல்ல.

அடுத்தது சூடு. குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. நம் ஊர் வெயிலிலும் அதற்குக் குளிரும். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் ஏழைகளின் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் சூட்டுப்பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்து நோய் பரவியது. ரே, மார்ட்டினெஸ் என்ற இரண்டு டாக்டர்கள் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் கட்டிவிட்டார்கள். கங்காரு தன் குட்டியை வைத்திருப்பதைப்போல! இல்லாமையிலிருந்து பிறந்த அந்த முறையை இன்று உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்காவின் நான்கு நாட்டு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து நடத்திய சோதனை 2021 இல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே மார்பில் அணைத்த குழந்தைகளில் 100க்கு 12 இறந்தன. பழைய முறையில் ஏறக்குறைய 16. ஹரியானாக் கிராமங்களில் 8,000க்கும் மேற்பட்ட எடை குறைந்த குழந்தைகளை வைத்து நடந்த இன்னொரு ஆராய்ச்சியில், வீட்டிலேயே இப்படி அணைத்ததால் முதல் மாதச் சாவு 100க்கு 30 வீதம் குறைந்தது. வீட்டிலே, தோழர்களே! கீற்றுக் கொட்டகையிலும் செய்யலாம்.

குழந்தைக்குக் குல்லாயும் அரைத்துணியும் போதும். நிமிர்த்தி, மார்புகளுக்கு நடுவே, தலையை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அழுந்தாமல் வைத்து, பழைய வேட்டியால் கட்டிக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல். எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. தகப்பனும் கட்டிக்கொள்ளலாம். இதைச் சொன்னவுடன் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். தாய் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தள்ளுவண்டியை யார் தள்ளுவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எடை இரண்டரைக் கிலோ ஆகும்வரை தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை வேண்டாம். விறகடுப்பு இருக்கும் அறையில் பிள்ளையைக் கிடத்தாதீர்கள். முக்கியமான ஒன்று கண். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு, பிறந்து 30 நாளுக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாகவேண்டும். குறைமாதக் கண்ணில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளர்ந்து பார்வையைக் கெடுக்கலாம். உரிய நாளில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நாள் தவறினால் போனது போனதுதான். பஸ் சார்ஜ் இல்லை என்று ஒரு தவணை தவறியதால் பார்வை போன குழந்தையை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1961 ஆம் ஆண்டுப் பிரசவகாலச் சலுகைச் சட்டம் மில் தோழியர்களுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. 2017 இல் அது 26 வாரமாயிற்று. 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த 26 வாரம் இருக்கிறது. குறைமாதப் பிரசவத்தால் தாயின் உடம்பு கெட்டால், மேற்கொண்டு ஒரு மாதம் சம்பள லீவு உண்டு என்றும் ஷரத்து சொல்கிறது. எத்தனை மில் தோழியர்களுக்கு இது தெரியும்? காண்டிராக்டில் வேலை, மாதத்துக்கு ஒரு பெயர்ப்பட்டியல் என்று வைத்து இதைத் தட்டிக்கழிப்பவர்களைச் சங்கம் விடக்கூடாது.

வயலிலும் உப்பளத்திலும் பாசி எடுப்பதிலும் உள்ள பெண்களுக்கு? சம்பள லீவு கொடுக்க முதலாளியே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித் திட்டம் 18,000 ரூபாய். அதில் ரொக்கம் 14,000, மீதி போஷாக்குப் பெட்டகம். இது பெரிய தொகை என்பார்கள். ஆனால் 14,000 ரூபாயை 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 77 ரூபாய்! அதுவும் தவணை தவணையாக. மூன்றாம் பிரசவத்துக்கு ஒன்றுமில்லை. 19 வயது நிரம்பாதவளுக்கும் இல்லை. முதல் இரண்டு பிள்ளையில் ஒன்றை இழந்தவள் மூன்றாவதைச் சுமப்பது குற்றமா? குறைமாதம் பெறும் ஆபத்து அதிகமுள்ள சின்ன வயதுத் தாயைத் தள்ளிவைப்பதுதான் தண்டனையா? மத்திய சர்க்காரின் 2013 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 என்றது. 2017 இல் வந்த திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 என்று குறைத்துக்கொண்டது.

இங்கிலாந்தில் 2023 இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பச்சைக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தால், தாய்க்கும் தகப்பனுக்கும் வழக்கமான லீவுக்கு மேல் 12 வாரம் வரை லீவு. நமக்கு எதிர்க்கரையில், ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில், 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் "திரிபோஷா" என்ற சத்துமாவு கொடுத்துவருகிறார்கள். கஜானா காலியான 2022 இல் தட்டுப்பாடு வந்தபோது ஜனங்கள் அதைச் சும்மா விட்டுவிடவில்லை, கேட்டார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாம் கொடுக்கப்போகும் மகஜரில் இவை இருக்கின்றன: உடலுழைப்புப் பெண்கள் எல்லாருக்கும் 26 வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி, குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களுக்குப் பெற்றோர் இருவரில் ஒருவருக்குக் கூலியும், துணையிருப்பவருக்குச் சாப்பாடும், கண் பரிசோதனைக்குப் போகவர இலவச வண்டி, உப்பளத்திலும் மீன் இறங்குதளத்திலும் கக்கூஸும் குடிநீரும், தடைக்கால மாதங்களில் கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு இரட்டைப் பங்கு சத்துமாவும் முட்டையும். மகஜர் மேடைக்கு வலது பக்கம் மேஜையில் இருக்கிறது. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டின் பெயரையும், கடைசியாக ரத்தம் பார்த்த தேதியையும் பக்கத்து நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மாதர் சங்கத் தோழியர் எழுதித் தருவார்கள், கைரேகை வைக்கலாம்.